குமட்டும் இடத்தில் நிறுத்து

வகுப்பறை ஏசி ஒழுக ஆரம்பித்து மூன்று வாரம் ஆகியும் பார்க்க ஆள் வரவில்லை. கழிவறையில் கிடந்த மஞ்சள் பிளாஸ்டிக் மக்கை யாரோ எடுத்துவந்து, சொட்டு விழும் இடத்தில் ஒரு ஸ்டூல் போட்டு, அதன் மேல் வைத்திருந்தார்கள். மக் காலியாக இருக்கும்போது ஒரு சத்தம், பாதி நிறைந்த பிறகு வேறு சத்தம். அவன் பாடம் நடத்தும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் நடக்கப் பழகியிருந்தான். பலகையிலிருந்து ஜன்னல்வரை போவான். திரும்பும்போது கண்ணைத் தரையில் வைத்துக்கொள்வான். தவறிப்போய் மக் கண்ணில் பட்டுவிட்டால் நாக்கின் அடியில் எச்சில் ஊறும். விழுங்கினால் வயிறு புரளும். துப்ப இடமில்லை. நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் வாயில் எச்சிலை வைத்துக்கொண்டே ஆங்கிலச் சொற்களின் பிறப்பைச் சொல்லிக்கொண்டிருப்பான்.

அது வேறு நாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கான ஆங்கிலத் தேர்வுப் பயிற்சி நிலையம். நர்சுகள், வெல்டர்கள், கணக்கர்கள், இரண்டு முறை தோற்றுவிட்டு மூன்றாம் முறை வந்தவர்கள். மூன்று மாதத்தில் இரண்டாயிரம் சொற்கள் மண்டையில் ஏறவேண்டும். அதற்கு நிலையத்தின் உரிமையாளர் ஒரு முறை வைத்திருந்தார். மாணவர்கள் அவருக்கு வைத்த பேர் அகராதி. வார்த்தை விற்கிறவர் என்பதற்காகப் பாதி, குணத்துக்காகப் பாதி. அகராதியின் தத்துவம் எளிமையானது. "சிரிப்பு ஒரு வாரம் நிக்கும். அழுகை ஒரு மாசம் நிக்கும். குமட்டல் சாகுற வரைக்கும் நிக்கும்." அதனால் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அட்டை. முன்பக்கம் சொல்லின் பிறப்பு. பின்பக்கம் அதை நினைவில் மாட்டிவைக்க ஒரு குட்டிக் கதை, கேட்டால் வயிற்றைப் புரட்டுகிற மாதிரி. முன்பக்கத்துக்கு வேர் என்று பெயர். முதலில் மூலம் என்றுதான் வைத்தார். பலகையில் 'மூலம் அறிவோம்' என்று எழுதிப் போட்டதும் நாலு பேர் வைத்தியம் கேட்டு வந்துவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. பின்பக்கத்துக்குப் பெயர் கொக்கி.

அவன் வேர் எழுதுகிறவன். அவன் மனைவி கொக்கி எழுதினாள். மாணவர்கள் வேர் சார் என்றும் கொக்கி மேடம் என்றும் கூப்பிட்டார்கள்; கல்யாணப் பத்திரிகையிலேயே அப்படிப் போட்டிருக்கலாம் என்று சக ஆசிரியர்கள் கேலி செய்தார்கள். மஸில் என்றால் சின்ன எலி என்று அவன் முன்பக்கம் எழுதிக் கொடுப்பான். தோலுக்கு அடியில் ஓடும் எலி போலத் தசை தெரிந்ததால் லத்தீன்காரர்கள் வைத்த பெயர். அவள் அந்த எலியைப் பின்பக்கத்தில் சாகடித்து, தோலுக்குள்ளேயே அழுகவிட்டு, வாடையைக் கிளப்பிவிடுவாள். வெர்மிசெல்லி என்றால் இத்தாலியில் குட்டிப் புழுக்கள் என்று இவன் எழுதினால், தட்டில் அவை தலை தூக்கிப் பார்க்கும். வயிறு கடமுட என்று கத்துவதற்குக்கூட ஆங்கிலத்தில் போர்பரிக்மஸ் என்று ஒரு கனமான சொல் இருக்கிறது என்று இவன் கண்டுபிடித்துக் கொடுத்த அன்று அவள் அரை மணி நேரம் சிரித்தாள். இருவருக்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது. அட்டை தட்டச்சாகி வரும்வரை அவள் எழுதும் பின்பக்கத்தை அவன் கேட்பதில்லை. அவள் எழுதியதை நேராக அகராதியின் மேசையில் வைத்துவிடுவாள்.

அவள் போய் ஏழு மாதம் ஆகிறது. இப்போது இரண்டு பக்கமும் அவனே எழுதுகிறான்.

வெள்ளிக்கிழமை காலை அகராதி கூப்பிட்டனுப்பினார். அவர் அறையில் எப்போதும் ஈரக் கம்பள வாடை. மேசையில் ஆறிப்போன டீயில் ஆடை சுருங்கிக் கிடந்தது. அவர் ஓர் அட்டையின் மூலையால் பல்லைக் குத்திக்கொண்டிருந்தார். குத்தியதைப் பார்ப்பார். பிறகு அதே அட்டையைக் கட்டில் சேர்ப்பார். நிலையத்தில் உள்ள பழைய அட்டைகளில் பாதிக்கு மூலை மடங்கி, பழுப்பேறி இருக்கும்.

"உக்காருங்க மாஸ்டர். உங்க கொக்கில ஒண்ணும் தொங்கமாட்டேங்குதே."

"தெரியும் சார்."

"போன வாரம் பசங்களுக்கு நெனவுல நின்னது பத்துக்கு நாலு. அதுக்கு முந்தி மூணு. அந்தம்மா இருந்தப்ப ஒன்பதுக்குக் கீழ எறங்கினதில்ல. உங்களுக்கு அருவருப்பே வரலியா, இல்ல எழுத வரலியா?"

அருவருப்பு இல்லாமல் ஒரு வாய் தண்ணீர்கூட உள்ளே இறங்குவதில்லை என்பதை இந்த மனிதரிடம் சொல்ல முடியாது. சொன்னால் அதையும் அட்டையில் போடச் சொல்லுவார்.

"பிரீவ்னு ஒரு வார்த்தை வருதுல்ல, துணையப் பறிகொடுக்கறது. அதுக்கு வேரு என்ன எழுதியிருந்தீங்க?"

"கொள்ளையடிக்கிறது. பழைய ஆங்கிலத்துல."

"பாருங்க, பிரமாதம். பின்பக்கம் காலியாக் கெடக்கு. உங்களவிட யாரு எழுத முடியும், சொல்லுங்க." மிட்டாய் நீட்டுகிறவர் மாதிரிச் சொன்னார். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பதை இவ்வளவு கனிவாகச் செய்கிறவரை அவன் பார்த்ததில்லை. அவன் மேசையின் விளிம்பைப் பார்த்தான். அதிலும் ஏதோ ஒட்டிக் காய்ந்திருந்தது.

பிரீவ் அட்டைக்காக மட்டும் கூப்பிடவில்லை. ஐநூறு அட்டைகள் கொண்ட கொக்கிப் பெட்டி ஒன்று அச்சுக்குப் போகிறது. திங்கட்கிழமை கடைசி நாள். அதில் நூற்று எழுபது அவள் எழுதியவை. அவள் இல்லாததால் புருஷன் சம்மதக் கையெழுத்து வேண்டும். அவள் பெயரையும் போட்டுவிடலாம் என்றார். படிவத்தோடு அச்சுத் தாள்களையும் தள்ளினார். அவன் பேனாவைத் திறந்தான். படிக்காமல் போட்டுவிட்டு எழுந்துவிடத்தான் நினைத்தான். மேல் தாளில் நாசியா என்றிருந்தது.

முன்பக்கம் அவனுடையது. 'நாசியா: குமட்டல். கிரேக்கத்தில் கப்பல் என்ற சொல்லிலிருந்து. முதலில் கடல் பயணத்தில் வரும் வாந்திக்கு மட்டுமே வழங்கியது.' எழுதி இரண்டு வருடம் இருக்கும். இதற்குப் பின்பக்கம் இருப்பதே அவனுக்குத் தெரியாது.

'கட்டில்தான் கப்பல். ஆறாம் வார்டு, ஜன்னலோரம். எல்லாம் ஆடுகிறது. மஞ்சள் மக்கில் பச்சையாக வாந்தி எடுக்கிறேன். காலையில் விழுங்கிய மாத்திரை கரையாமல் அதில் மிதக்கிறது. நூல் நூலாகச் சளி. மக்கைப் பிடித்திருக்கும் புருஷன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு மூச்சை அடக்குகிறான்.'

அவ்வளவுதான். அவன் இரண்டாம் முறை படிக்கவில்லை. தேவைப்படவில்லை. அகராதியின் முறை வேலை செய்தது.

அவள் கண்ணை மூடியிருந்தாள் என்றுதான் அவன் நினைத்திருந்தான். வாந்தி வரும்போது அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். அந்த நேரத்தில் முகத்தைத் திருப்பினால் அவளுக்குத் தெரியாது. அவனால் பார்க்க முடியவில்லை. எத்தனை முறை முயன்றாலும், அந்தப் பச்சையும் அந்த வாடையும் வந்தவுடன் கழுத்து தானாகத் திரும்பியது. எதிர்க் கட்டிடத்தின் மொட்டைமாடியில் ஒருவன் தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருப்பான். அவன் தேய்ப்பதை எண்ணிக்கொண்டிருந்தால் மூச்சைப் பிடித்துவைக்க முடிந்தது. கடைசி நாளில் வந்தவர்கள் எல்லாரும் அவன் தோளைத் தட்டினார்கள். "கூடவே இருந்து பாத்துக்கிட்டீங்க தம்பி, வேற யாரு செய்வா." மாமனார் அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒவ்வொரு முறையும் அவனுக்குத் தன்மேல்தான் குமட்டியது. கட்டினவள் வாந்திக்கு அருவருத்தவன். அதை யாருக்கும் தெரியாமல் ஏழு மாதம் வயிற்றுக்குள் வைத்திருந்தான். அவள் பார்த்திருக்கிறாள். பார்த்தது மட்டுமில்லை, எழுதியும் வைத்திருக்கிறாள்.

"இத எடுத்துடுங்க சார்."

"எத? இதையா?" அகராதி பல் குத்துவதை நிறுத்தினார். "மாஸ்டர், இது வைரம். காலை வகுப்புல சொல்லிப் பாத்தேன். நாப்பதுக்கு முப்பத்தெட்டு. மீதி ரெண்டு பேரு லீவு."

"இது என்னப் பத்தினது."

"பேரு இருக்கா? புருஷன்னுதான இருக்கு. உலகத்துல எத்தனை புருஷன்." கொஞ்சம் குரலை இறக்கினார். "கெடந்த கெடையில எழுதி அனுப்பிச்சிருக்காங்க. நம்ம கிராமர் மேடம்தான் கொண்டுவந்து குடுத்தாங்க. இத எடுத்துட்டா அந்தம்மா பட்ட பாட்டுக்கு என்ன மரியாதை? சாயங்காலம் யோசிச்சுச் சொல்லுங்க. மத்தியான வகுப்புல நீங்களே நடத்திப் பாருங்க, பசங்க எப்படிப் புடிச்சுக்கிறாங்கன்னு."

வெளியே வந்தால் நடைபாதையில் காலை வகுப்புப் பையன்கள் தண்ணீர்க் குழாயடியில் நின்றார்கள். ஒருவன் கப்பல் ஆடுவதுபோல் ஆடினான். இன்னொருவன் கையில் மக் பிடித்ததுபோல் நீட்டி, கழுத்தை ஒடித்து, மூக்கைப் பொத்தினான். அவனைக் கண்டதும் "குட் மார்னிங் சார்" என்று இருவரும் நேராக நின்றார்கள். அவன் தலையசைத்தான்.

கிராமர் மேடம் ஆசிரியர் அறையில் டிபன் பாக்ஸைத் திறந்துவைத்திருந்தாள். அவனைவிட ஆறு வயது மூத்தவள், அவன் மனைவியின் நெருங்கிய தோழி. அந்த டிபன் வாடைக்கு அவன் உள்ளே போகவில்லை. வாசலிலேயே நின்றான்.

"அக்கா, ஆஸ்பத்திரிலேர்ந்து ஒரு அட்டை கொண்டுவந்தீங்களா?"

அவள் கையிலிருந்த கவளத்தை வாய்க்குக் கொண்டுபோகாமல் கீழே வைத்தாள். "கவர்ல போட்டு ஒட்டிக் குடுத்தா. நான் பிரிக்கல தம்பி, சத்தியமா. ஏன், என்ன எழுதியிருக்கா?"

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லக்கூடாதுன்னா. 'அட்டையா வரட்டும், அப்பப் பாப்பான்'னா. நான் என்ன பண்ணட்டும்?" அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை மாற்றினாள். "ஏய், அகராதி அச்சடிச்சதப் படிச்சுட்டா வந்து நிக்கிற? அவன் வெட்டாம எதையாவது போட்டிருக்கானா? நான் எழுதின வாக்கியத்துல எழுவாயையே வெட்டினவன் அவன். கையெழுத்து அட்டையெல்லாம் கோப்பறையில கீழ் டிராயர்ல கெடக்கு. செருப்பு டப்பால. போய்ப் பாரு."

டிராயரைத் திறந்ததும் ஒரு கரப்பான் பூச்சி பின்பக்கமாக ஓடியது. டப்பா முழுக்க அவள் கையெழுத்து. ஒவ்வொரு அட்டையிலும் ஓரிடத்தில் சிவப்புக் கோடு, அதற்குக் கீழே இருந்த வரிகளின் மேல் ஒரு பெருக்கல் குறி. குமட்டும் இடத்தில் நிறுத்து என்பதுதான் அகராதியின் விதி. குமட்டிய பிறகு ஒரு வரி வந்தாலும் குமட்டல் கரைந்துவிடும், சொல் வழுக்கிவிடும் என்பார். அவள் எழுதிய ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு வால் இருந்தது அவனுக்குத் தெரியாது. வெர்மிசெல்லிப் புழுக்கள் தலை தூக்கிய இடத்தில் கோடு. கோட்டுக்குக் கீழே: 'பயப்படாமல் சாப்பிடுங்கள். பசிதான் எல்லாவற்றிலும் பெரிய புழு.' எலி அழுகி வாடை வந்த இடத்தில் கோடு. கோட்டுக்குக் கீழே: 'என் புருஷன் பாத்திரம் தேய்க்கும்போது கையில் இரண்டு எலி ஓடும். அவை உயிரோடு இருக்கின்றன. நான் பார்த்துக்கொண்டே இருப்பேன்.'

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனான்.

நாசியா அடியில் கிடந்தது. எழுத்து வலப்பக்கம் சரிந்து, வரி கீழிறங்கிப் போயிருந்தது. மூலை மடங்கி, பழுப்பாக, பல்லுக்குப் போன அட்டை. அவன் அந்த மூலையைத் தொடாமல் பிடித்தான். 'மூச்சை அடக்குகிறான்' என்பதற்கு அடியில் சிவப்புக் கோடு. பக்கத்தில் அகராதி எழுதியிருந்தார்: 'குமட்டல் போகுது. வெட்டு.' கோட்டுக்குக் கீழே, பெருக்கல் குறிக்குள், அவள்:

'ஆனால் மக் ஆடவில்லை. இந்தக் கப்பலில் ஆடாமல் நிற்பது அது ஒன்றுதான். அதைப் பார்த்துக்கொண்டே வாந்தி எடுத்துவிடுவேன்.'

அவனுக்கு அழுகை வரவில்லை. ஏழு மாதமாக வராதது இப்போது மட்டும் எங்கிருந்து வரும். அவன் தன் கையை நினைத்துப் பார்த்தான். மொட்டைமாடித் தொட்டி நினைவிருந்தது. தேய்த்தவனின் நீலச் சட்டை நினைவிருந்தது, பிரஷ் போகும் சத்தம்கூட. கை நினைவில்லை. அது ஆடியதா, நின்றதா, அவன் பார்க்கவே இல்லை. அவள் பார்த்திருக்கிறாள். அல்லது பார்க்காமல் எழுதியிருக்கிறாள். கொக்கி என்றால் கொஞ்சம் பொய் வளைவு இருந்தால்தான் மாட்டும் என்று அவளே சொல்வாள். செத்த எலி எங்கே இருந்தது? எந்தப் புழு தலை தூக்கியது? எல்லாம் அவள் வளைத்ததுதான். இந்த ஒன்றை மட்டும் நேராக எழுதினாளா என்று கேட்க ஆள் இல்லை.

அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனான். இன்னொரு பையில் கையெழுத்துப் போடாத படிவம்.

மத்தியான வகுப்பில் சாப்பாட்டு ஏப்பமும் வியர்வையும் கலந்த காற்று. ஏசி ஓடியது, ஒழுகியது, குளிரவில்லை. அவன் பலகையில் நாசியா என்று எழுதினான். கப்பலைச் சொன்னான். பிறகு அட்டையை எடுத்துப் பார்த்துப் படித்தான். பச்சை வந்ததும் முன்வரிசையில் ஒருத்தி வாயைப் பொத்தினாள். மாத்திரை மிதந்ததும் "உவ்வே" என்று பின்னாலிருந்து ஒரு குரல், அதைத் தொட்டு நாலு குரல். வெல்டர் ஒருவன், "சார், இப்பத்தான் சாப்ட்டு வந்தேன், விட்டுடுங்க" என்றான். வகுப்பே சிரித்தது. பேனாக்கள் ஓடின. புருஷன் முகத்தைத் திருப்பினான். "சரியான ஆளுதான்" என்றான் யாரோ. மறுபடி சிரிப்பு. காலையில் குழாயடியில் பார்த்த அதே கழுத்தொடிப்பை இங்கேயும் ஒருவன் செய்துகாட்டினான்.

மூன்றாம் வரிசையில் ஒரு நர்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. நாலு வருடம் வார்டில் வேலை பார்த்தவள், இரவுப் பணி முடித்து, காலையில் கொஞ்சம் தூங்கிவிட்டு வகுப்புக்கு வருகிறவள். பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"எத்தனை நாள் சார் புடிச்சிருந்தாரு?"

"யாரு?"

"மக்கப் புடிச்சவரு."

அவன் அட்டையைப் பார்த்தான். அதில் அது இல்லை. "பதினோரு நாள்" என்றான்.

சிரிப்பு ஒரே நேரத்தில் நிற்கவில்லை. முன்வரிசையில் முதலில் நின்றது, பிறகு பின்னால் போய் அங்கே கடைசியாக ஒரு இருமலாக முடிந்தது. கழுத்தை ஒடித்தவன் கழுத்தை நேராக்கிக்கொண்டான். அவன் அட்டையை மறுபடி தூக்கி, சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருந்ததையும் படித்தான். ஆனால் மக் ஆடவில்லை என்று தொடங்கி, மூன்று வாக்கியம். குரல் எங்கும் தடுக்கவில்லை. யாரும் எழுதவில்லை. எழுத வேண்டுமா என்று வெல்டர் பக்கத்திலிருந்தவனிடம் முணுமுணுத்தான்.

கதவின் கண்ணாடிக்கு வெளியே அகராதி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கையால் கத்தரி போல வெட்டிக் காட்டினார். அங்கேயே நிறுத்தியிருக்கவேண்டும் என்று பொருள்.

"சார்," என்றாள் நர்ஸ். "மக் நெறைஞ்சுடுச்சு. ஸ்டூல் சாயுது."

எல்லாரும் திரும்பினார்கள். ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை. ததும்பிய மக் ஒரு பக்கமாக நகர்ந்து விளிம்புக்கு வந்திருந்தது. அவன்தான் அருகில் நின்றான். கை போய் அதைப் பிடித்துத் தூக்கிவிட்டது. ஸ்டூல் சரிந்து விழுந்தது. சொட்டு நிற்கவில்லை. கீழே பிளக் மாட்டிய எக்ஸ்டென்ஷன் பலகை கிடந்தது. "அப்படியே புடிச்சுக்குங்க சார், பக்கெட் எடுத்தாரேன்" என்று வெல்டர் எழுந்து ஓடினான்.

அவன் மக்கைச் சொட்டுக்கு நேராக நீட்டிப் பிடித்தான். உள்ளே ஒரு கொசு இறந்து மிதந்தது. சுவரோரம் பச்சையாக வழவழப்பு. பழைய தண்ணீரின் வாடை மூக்கில் ஏறியது. கழுத்து ஜன்னலைத் தேடியது. நாக்கின் அடியில் எச்சில் ஊறியது. அதை விழுங்கினான்.

விளிம்புவரை நின்ற தண்ணீரில் குழல்விளக்கு ஒரு வெள்ளைக் கோடாக விழுந்திருந்தது. அடுத்த சொட்டு மேலே திரண்டு, கனத்து, இன்னும் விழாமல் தொங்கியது. அவன் குனிந்து அந்தக் கோடு ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.